பழைய ஆமி லொறிக்கு 12 வோல்ட் ஸ்டாட்டர் பொருந்துமா?

களுவாஞ்சிக்குடியில நெல்லேத்துற பழைய ஆமி பெட்ஃபோட்டுக்கு 12 வோல்ட் ஸ்டாட்டர் போடலாமா எண்டு கேட்டிருக்கீங்க. முதல்ல பற்றறியைப் பாருங்க. 12 வோல்ட் பற்றறி ரெண்டு தொடராக இணைஞ்சிருந்தா அது 24 வோல்ட் லொறி, தயவுசெய்து போடாதீங்க. 12 வோல்ட் ஸ்டாட்டர் கண்டபடி வேகமாச் சுத்தி, பினியன் (ஸ்டாட்டர் மோட்டர் முனையில இருக்கிற சின்னப் பல்லுச் சில்லு) ரிங் கியரில (எஞ்சினைச் சுத்த வைக்கிற பெரிய பல்லு வளையம்) அடிச்சுப் பல்லைத் தின்னும், சுருளும் கருகும். ஸ்டாட்டருக்கு 12 வோல்ட்டை ஒரு பற்றறியில இருந்து மட்டும் எடுக்கிறதும் பிழை: அது வடியும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகும்.

24 வோல்ட் ஸ்டாட்டர் கிடைச்சா பினியன் பல்லு எத்தனை, சுத்துற திசை, போல்ட் துளை எல்லாத்தையும் பழசோட வைச்சு ஒப்பிடுங்க. திசை மாறினது சரிவராது.

அதுக்கும் முதல் எர்த் வயரை (பற்றறியை லொறிச் சட்டத்தோட இணைக்கிற வயர்) கழட்டிப் பாருங்க. வாவிக்கரை உப்புக் காத்துக்குப் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். என்னட்ட வந்த ஒரு லொறியில அதைச் சுரண்டிப் பூட்டினதும் பழைய ஸ்டாட்டரே உறுமிச்சு.