வேலை முடிந்தும் தீராத களைப்பு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

நான் தலவாக்கலைப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. முன்பெல்லாம் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் லயத்துக்கே போய் விசாரிப்பேன். இப்போது வராத பிள்ளையைப் பற்றிக் கேட்கவும் தோன்றுவதில்லை. ஞாயிறு மாலையானால் நெஞ்சு பாரமாகிறது. தவணை விடுமுறையில் ஓய்வெடுத்தும் பலனில்லை. இது நோயா, சோம்பலா?

இரண்டும் இல்லை, இதைப் பணிச்சோர்வு (burnout) என்பார்கள். சோம்பேறிக்குத் தன் சோம்பல் வலிப்பதில்லை, உங்களுக்கு வலிக்கிறது. 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், உலக சுகாதார ஸ்தாபனம் பணிச்சோர்வை ஒரு நோயாக அன்றி, நீண்ட காலம் சரிவரக் கையாளப்படாத வேலை நெருக்கடியின் விளைவாகவே குறிப்பிடுகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: சக்தி வற்றிப்போன களைப்பு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்புக் கொள்ளுதல், தன்னால் எதுவும் உருப்படியாக ஆவதில்லை என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் முதலிரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது, சோம்பலா என்று நீங்கள் கேட்ட கேள்விக்குள் இருக்கிறது.

1974 இல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ப்ரொய்டன்பேர்கர், நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் ஆர்வத்தோடு உழைத்த தொண்டர்களிடமே இந்நிலையைக் கண்டார். பிள்ளையைத் தேடி லயம் வரை நடந்த ஆசிரியைக்கு இது வருவதில் வியப்பில்லை.

விடுமுறை ஏன் உதவவில்லை என்றால், களைப்புக்குக் காரணமானவை எல்லாம் பாடசாலையில் அப்படியே காத்திருந்தன. கிறிஸ்டினா மஸ்லாக் முதலிய ஆய்வாளர்கள் வேலைச்சுமை, சுயமாக முடிவெடுக்கும் இடம், உழைப்புக்கு ஏற்ற பலன், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என ஆறு இடங்களில் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தம் குலைவதைக் காட்டுகிறார்கள். உங்களை வாட்டுவது பாடவேளைகளின் எண்ணிக்கையா, அல்லது எவ்வளவு செய்தாலும் அது யார் கண்ணிலும் படாததா? ஒரு வாரத்துக்கு, நாள் முடியும்போது அன்று உங்களை அதிகம் வற்றடித்தது எது என்று ஒரே வரியில் எழுதி வாருங்கள். அதன் பின் அதிபரிடம், "என்னால் முடியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், திட்டமான ஒரே கோரிக்கையோடு செல்லுங்கள்: மாலை வகுப்பை இன்னொருவரோடு மாறி மாறி எடுப்பதாகவோ, விழாக் குழுவிலிருந்து ஒரு தவணைக்கு விலகுவதாகவோ அது இருக்கலாம். எல்லா அதிபரும் இசைவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவான முறைப்பாட்டை மறுப்பதைவிடத் தெளிவான கோரிக்கையை மறுப்பது எவருக்கும் கடினம்.

என் அம்மா பொகவந்தலாவையில் கொழுந்து பறிக்கிறார், வயது 46. வேலை விட்டு வந்ததும் படுத்துவிடுகிறார். மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இதுவும் பணிச்சோர்வுதானா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும் தீராத களைப்பும் இரத்தச்சோகையின் அடையாளங்களாக இருக்கலாம். அந்த வயதில் மாதவிடாய் மிகையாகப் போவதும் அதற்குக் காரணமாகலாம். தைரொயிட் குறைபாட்டையும் நீரிழிவையும் கூடவே பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இவற்றுக்குப் பணம் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரை தந்தால், அதைச் சாயத் தண்ணியோடு (பால் விடாத தேநீரோடு) விழுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. தேயிலை மலையில் வாழ்வோருக்கு இந்த அறிவுரை கசக்கும் என்பதை நான் அறிவேன்.

இரத்தத்தில் குறையேதும் இல்லையென்றால், அவரது நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பாரத்தோடு சரிவில் நின்று, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) என்ற கவலையோடு மாலையில் வீடு திரும்புபவருக்கு அங்கே இன்னொரு வேலை நாள் தொடங்குகிறது. ஆண்களின் தோட்ட வேலை பெரும்பாலும் பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. எனவே மாலைச் சமையல், தண்ணீர், விறகு ஆகியவற்றை அப்பாவும் பிள்ளைகளும் ஏற்பதே இங்கு மருந்து. அதைச் செய்யாமல் அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பண்டாரவளையில் தனியார் நிதி நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் குழுவில் வசூல் கணக்குக் கேட்கிறார்கள். பதில் போட்டுவிட்டால் தூக்கம் போய்விடுகிறது.

உடல் வீட்டுக்கு வந்தும் மனம் அலுவலகத்திலேயே இருந்தால், அந்த இரவு ஓய்வுக் கணக்கில் சேராது. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், உணவு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்றே சாதாரண வேலை நேரத்தை வரையறுத்திருக்கிறது. இதை முகாமையாளரின் முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லவில்லை. உங்கள் எரிச்சலுக்கு நியாயம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அலுவலகம் விட்டுக் கிளம்புமுன் அன்றைய கணக்கை நீங்களாகவே அனுப்பிவிட்டு, அவசரமானால் அழைப்பு எடுக்குமாறு கேட்டுக்கொண்டு, குழுவின் ஒலியை நிறுத்திவையுங்கள். அவசரம் என்று நினைப்பவர்களில் பலர் அழைப்பு எடுக்க மாட்டார்கள்.

அதே சட்டப்படி, வேலையில் சேர்ந்து முதலாண்டு கழிந்தவர்களுக்கு ஆண்டு விடுமுறை 14 நாள் உண்டு. நம்மவர்கள் அதைக் கலியாணத்துக்கும் கருமாதிக்குமே செலவிட்டுவிடுகிறார்கள். அதில் சில நாட்களையாவது எந்த வீட்டுக் காரியமும் இல்லாமல் எடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. தவறா?

ஆம். மது விரைவில் தூங்க வைத்தாலும் தூக்கத்தின் பிற்பாதியைக் குலைக்கிறது. நாளடைவில் அளவும் கூடும். சன்னலைத் தடித்த துணியால் மறைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுங்கள். வேலையின் கடைசி மணித்தியாலங்களில் தேநீரைத் தவிருங்கள். ஏற்கனவே நாள்தோறும் அதிகமாகக் குடித்து வருபவரானால், திடீரென நிறுத்துவது ஆபத்து. வைத்தியரின் மேற்பார்வையில் குறையுங்கள்.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் தம்பி, தீபாவளிக்கு ஹட்டனுக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை. "இருந்து என்ன பயன்" என்கிறான். வேலைக் களைப்புத்தான், சரியாகிவிடும் என்கிறார் அப்பா.

அப்பாவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. பணிச்சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும்; வேலையை விட்டு விலகிய பின்பும், பிடித்த சாப்பாட்டிலும் நண்பர்களிடத்திலும்கூட ஆர்வம் அற்றுப்போய் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு.

தம்பி சொன்ன அந்த வார்த்தையை இன்றே கவனியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று தனிமையில் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வீட்டிலோ மரக்கறித் தோட்டத்திலோ பூச்சிமருந்து, களைகொல்லி இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். ஆம் என்று அவர் சொன்னால் தனியே விடாமல் அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் எந்நேரமும் தமிழில் பேசலாம்; நீங்களே அழைத்தும் வழி கேட்கலாம். இல்லை என்று சொன்னாலும், இந்த வாரமே மனநலக் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள். அப்பாவையும் உடன் அழைத்துப் போனால், வைத்தியர் சொல்வதை அவரும் நேரில் கேட்டுக்கொள்வார்.