மரக்கால் யார் கையில்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் 12 ஆண்டுகளாக ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். இந்த இலையுதிர்கால விடுமுறையில் நானும் கணவரும் 12 வயது மகனையும் 9 வயது மகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியின் டஸ்கனியில் ஓர் ஆலிவ் பண்ணைக்குத் தன்னார்வலர்களாகப் போனோம். தினமும் ஐந்து மணி நேர வேலை, பதிலுக்குத் தங்க இடமும் சாப்பாடும். பிள்ளைகள் கைபேசியைத் தொடவே இல்லை. மண்ணோடு ஒரு பிணைப்பு உண்டானது. சேவை மனப்பான்மையும் உழைப்பின் அருமையும் அவர்களுக்குப் புரிந்தன. மன்னார்குடியில் இருக்கும் என் மாமியார் படங்களைப் பார்த்துவிட்டு, "வயலில் கிடந்து என் பிள்ளையைப் படிக்க வைத்தேன். நீங்கள் டிக்கெட் வாங்கிக் கூலி வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். மனம் நொந்துவிட்டது. அடுத்த ஆண்டு பள்ளியில் விடுப்பு வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் போகலாமா? இந்த வயதில் அது பிள்ளைகளுக்கு நல்லதா?

கே., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள கே.,

பள்ளி விடுப்பைப் பள்ளியிடம்தான் கேட்க வேண்டும். அனுமதியில்லாமல் பிள்ளைகளை நிறுத்தினால் ஜெர்மனியில் அபராதம் கட்ட நேரும் என்பது உங்களுக்கே தெரியும். கைபேசியைத் தொடாததைப் பெரிய சாதனையாக எண்ண வேண்டாம். மரத்தடியில் வேலை இருந்தது, தொடவில்லை.

'சேவை' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்ட் என்ற பெண்தான் பண்ணையில் தன்னார்வலராக வேலை செய்து தங்கும் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். சசெக்ஸில் எமர்சன் கல்லூரியின் பண்ணைக்கு வார இறுதியில் மூன்று நான்கு பேராகப் போனார்கள். நகரத்தில் அடைந்துகிடப்பவர்களுக்கு நாட்டுப்புறம் வேண்டியிருந்தது, பண்ணைக்குக் கை வேண்டியிருந்தது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். அது கௌரவமான மாற்று. நீங்கள் அந்தப் பண்ணைக்காரருக்குச் சேவை செய்யவில்லை. அவர் உங்களுக்குச் சோறு போட்டார்.

இனி உங்கள் மாமியார். அவர் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு மனம் நொந்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் வருத்தம். 'மண்ணோடு பிணைப்பு' என்று எழுதும் உங்களுக்கு, அந்த மண்ணில் காலம் முழுக்க நின்ற ஒரு பெண் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? உங்கள் மகனின் கையில் வந்த கொப்புளத்தைப் படம் எடுத்திருப்பீர்கள். சேற்றுப்புண் வந்து மஞ்சளும் எண்ணெயும் தடவிய அவருடைய கால்விரல்களை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

சுடுசொல்லுக்கு மன்னிக்கவும். உங்கள் கடிதம் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. காரணம் இருக்கிறது.

2003 நவம்பரில் நானும் டஸ்கனியில் அரெஸ்ஸோவுக்கு அருகே ஒரு பண்ணையில் மூன்று வாரம் இருந்தேன். நண்பரின் நண்பர் வீடு. நீங்கள் செய்ததையேதான் நானும் செய்தேன்: மரத்தடியில் வலை விரிப்பது, சீப்புப் போன்ற கைவாரியால் கிளையை வருடிக் காயை உதிர்ப்பது, இலையைப் பொறுக்கிவிட்டுப் பெட்டியில் கொட்டுவது. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் உதவிக்கு வருவார். எண்பதை நெருங்கிய வயது. ஒரு நாள் மாலை காய்களைச் செக்குக்குக் கொண்டுபோனோம். எங்கள் முறை வர நள்ளிரவாகும் என்றார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவர் வரவில்லை. எடைமேடைக்குப் பக்கத்தில், பெட்டி ஒன்றின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கித் தின்றார், மற்றக் கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. முள் நிற்கும்வரை அவர் கண்ணும் அசையவில்லை. பண்ணைக்காரர் பின்னால் சொன்னார்: அவர் மெத்ஸாத்ரோவாக இருந்தவர்.

மெத்ஸாத்ரியா என்பது நம் ஊர் வாரச் சாகுபடிதான், அதில் உழுதவர் மெத்ஸாத்ரோ. நிலம் உடையவனுக்குப் பாதி, உழுதவனுக்குப் பாதி. டஸ்கனியில் பல நூற்றாண்டுகள் நடந்தது. காயும் எண்ணெயும் திராட்சையும் கோதுமையும் எல்லாம் பாதி. அளப்பதைக் கண்காணிக்க முதலாளியின் காரியக்காரர் வருவார், ஃபத்தோரே என்பார்கள். கணக்குப் புத்தகம் அவர் கையில். 1964இல் சட்டம் போட்டுப் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தார்கள். அதற்கு முன்பே பலர் குன்றுகளை விட்டுத் தொழிற்சாலைகளுக்கு இறங்கிப் போயிருந்தார்கள். நீங்கள் படம் எடுத்து அனுப்பும் அழகான கல்வீடுகளில் பல, அப்படி விட்டுப்போனவர்களின் வீடுகள்.

அந்த இரவு எனக்கு எங்கள் களம் நினைவுக்கு வந்தது. கீழத்தஞ்சையில் நாங்கள் வாரத்துக்கு உழுதவர்கள். 1952இலேயே சட்டம் வந்து குடிவாரத்தை, அதாவது உழுதவன் பங்கை, கூட்டிவிட்டது என்று பின்னால் படித்தேன். களத்தில் சட்டம் இல்லை, நெல் அளக்கும் படியான மரக்கால் இருந்தது. அது யார் கையில் இருந்ததோ அவர் அளந்ததே பங்கு. நிலக்காரர் பங்கான மேல்வாரத்தை அளக்கும்போது நெல் கோபுரமாக நிற்கும். எங்களுக்கு அளக்கும்போது உள்ளங்கை வந்து தலையைத் தட்டிவிடும். "லாபம்" என்று முதல் மரக்காலை எண்ணத் தொடங்குவார்கள். அந்தச் சொல் கேட்டதும் அம்மா தூற்றுவதை நிறுத்திவிட்டு முறத்தோடு நிமிர்ந்து நிற்பார். பேச மாட்டார். எண்ணுவார், உதடு மட்டும் அசையும். நாற்று நட்டது, களை பறித்தது எதைப் பற்றியும் அவர் வாழ்நாளில் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தட்டிவிட்ட அந்தக் கையைப் பற்றித்தான் சாகும்வரை பேசினார்.

அதனால் சொல்கிறேன், உழைப்பின் அருமை உங்கள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உழைப்பு தெரிந்தது, அவ்வளவுதான். அளவு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பறித்ததை யாரும் குறைத்து எண்ணவில்லை. குறைத்திருந்தாலும் அன்றைக்குச் சாப்பாடு வந்திருக்கும்.

அதே இத்தாலியில், ரோமுக்குத் தெற்கே லத்தீனாவில், ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் வயல்களில் வேலை செய்கிறார்கள். மாதம் முழுக்க உழைத்தவருக்குச் சம்பளச் சீட்டில் சில நாள்களை மட்டும் எழுதுவது அங்கே பழகிப்போன மோசடி. மரக்காலின் தலையைத் தட்டும் அதே கை. ஆள்பிடிக்கும் தரகர்களையும் அவர்களிடம் ஆள் வாங்கும் முதலாளிகளையும் தண்டிக்க 2016இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜூனில் அங்கே ஓர் இந்திய இளைஞரின் கையை இயந்திரம் துண்டித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் இறந்துவிட்டார். வேலைக்கு ஒப்பந்தம் இல்லை, எந்தக் கணக்கிலும் அவர் இல்லை. உங்கள் மகனுக்கு 12 வயதாகிறது. இதை அவனிடம் சொல்லலாம். சொல்லுங்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். பிள்ளைகள் மரம் ஏறட்டும், கை காய்க்கட்டும், செக்கிலிருந்து பச்சையாக வரும் எண்ணெய் தொண்டையைக் காரமாகப் பிடிக்கும்போது இருமட்டும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மதியத்தோடு வேலை முடிந்தது என்று குளிக்கப் போய்விடாதீர்கள். செக்குக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். எடைமேடைக்கு அருகில் நிற்கவைத்து, எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். 100 கிலோ காய்க்கு 12 முதல் 15 லிட்டர் வரலாம். மகள் சின்னவள், அவளிடம் நோட்டைக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்குப் போன் செய்யுங்கள். படங்களைப் பற்றிப் பேச வேண்டாம். "அத்தை, உங்கள் களத்தில் மரக்கால் யார் கையில் இருந்தது?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கோபப்படலாம், வைத்துவிடாதீர்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.