ப்ராசஸருக்கு எந்த தெர்மல் பேஸ்ட் வாங்கலாம்? ஹீட்சிங்க்கைக் கழற்றி மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் இருக்கும் கணினி: ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸர், அதன் பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். இரண்டுக்கும் நடுவில் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்துவிட்டது. வெப்பக் கடத்துத்திறன் 12.5 என்று அச்சிட்ட விலை கூடிய பேஸ்ட் வாங்குவதா, லிக்விட் மெட்டல் போடுவதா என்பது குழப்பம்.

லிக்விட் மெட்டல் இந்தக் கூலருக்குக் கூடவே கூடாது. காரணம் கீழே இருக்கிறது. பேஸ்ட்டில், பெயருள்ள நிறுவனத்தின் நடுத்தர விலைச் சரக்கு எதுவும் போதும். குழாயில் அச்சிட்ட எண்ணைவிட, பேஸ்ட் எவ்வளவு மெல்லியதாகப் பரவுகிறது என்பதுதான் வெப்பநிலையைத் தீர்மானிக்கும்.

அதைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தாலும் மேடுகள் மட்டும்தான் தொடும். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துத்திறன் 0.026 வாட்/மீட்டர்-கெல்வின். செம்புக்கு ஏறத்தாழ 400, கூலர் அலுமினியத்துக்கு 200 சுற்றி. ஒரு நல்ல பேஸ்ட்டுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இருநூறு மடங்கு நல்லது. செம்போடு ஒப்பிட்டால் எண்பது மடங்கு மோசம். அதனால்தான் பேஸ்ட் பள்ளத்தை நிரப்ப மட்டும் இருக்க வேண்டும், மெத்தை மாதிரி நடுவில் படுத்துக்கொள்ளக் கூடாது.

3 செ.மீ. × 3 செ.மீ. பரப்பு, 0.05 மி.மீ. கனம், கடத்துத்திறன் 5 என்றால், அந்தப் படலத்தின் தடை வாட்டுக்கு 0.011 டிகிரி. 5600 முழுச் சுமையில் இழுக்கும் உச்சம் 76 வாட். ஆக, பேஸ்ட்டில் மட்டும் ஏறும் வெப்பம் 0.84 டிகிரி. கடத்துத்திறன் 10 உள்ள பேஸ்ட் போட்டால் இது 0.42 ஆகும். இரண்டு மடங்கு எண்ணுக்குக் காசு கொடுத்துக் கிடைத்தது அரை டிகிரிகூட இல்லை. அதே 5 பேஸ்ட்டை 0.2 மி.மீ. தடிமனாக விட்டுவிட்டால் 3.4 டிகிரி. அந்த 0.05 மி.மீ. இடைவெளி முழுக்கக் காற்றாக இருந்தால் கணக்கில் வருவது 160 டிகிரி. அதற்கு வெகு முன்பே ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அணைந்துவிடும்.

ரைசனில் வெப்பம் ப்ராசஸரின் உலோக மேல்மூடி முழுக்கச் சமமாக வருவதில்லை. கணக்குப் போடும் கோர்கள் உள்ள சிறு சில்லு மூடிக்கு அடியில் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. அதனால் நிஜ வித்தியாசம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடும், விகிதம் மாறாது. இன்னொன்று: ஒவ்வொரு நிறுவனமும் கடத்துத்திறனை ஒரே முறையில் அளப்பதில்லை. ஏஎஸ்டிஎம் டி5470 என்ற பொதுவான சோதனை முறை இருந்தும், சில்லறைக் குழாய்களில் இருக்கும் எண்கள் எந்த அழுத்தத்தில், எந்தக் கனத்தில் எடுத்தவை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரு நிறுவனத்தின் 8-ஐ இன்னொரு நிறுவனத்தின் 12-உடன் ஒப்பிடுவதில் பயன் குறைவு.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்1 போன்றவை மின்சாரம் கடத்தாதவை, எளிதில் பரவுபவை, வருடக்கணக்கில் தாங்குபவை. இவற்றில் ஒன்றை எடுங்கள். சிரிஞ்சில் பெயரே இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைப் பேஸ்ட் பெரும்பாலும் சிலிகோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு கலந்தது. போட்ட அன்று அதுவும் வேலை செய்யும். எண்ணெய் பிரிந்து பொடியாகக் காய்வதுதான் அதன் சிக்கல். பற்பசை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருக்கும் நீர் ஆவியாகிச் சில நாட்களில் சுண்ணாம்புக் கட்டிதான் மிஞ்சும்.

இனி லிக்விட் மெட்டல். அது காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த உலோகக் கலவை. அறை வெப்பத்தில் திரவமாகவே இருக்கும். காலியம் அலுமினியத்தின் படிக எல்லைகளுக்குள் ஊடுருவி, உலோகத்தைக் கையால் உடைக்கும் அளவுக்கு நொறுங்க வைத்துவிடும். ரெய்த் ஸ்டெல்த்தின் அடிப்பரப்பு அலுமினியம். செம்பில் கறைபடியும், நாளடைவில் கொஞ்சம் உறிஞ்சப்படும்; நிக்கல் பூசிய பரப்பு மட்டும்தான் முழுக்கத் தாங்கும். மேலும் அது மின்கடத்தி. ஒரு துளி நழுவி மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட்தான். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சோனி இதைப் பயன்படுத்தியது உண்மை, ஆனால் சில்லைச் சுற்றிக் கசியாதபடி தடுப்பு வைத்து வடிவமைத்த பிறகுதான்.

கழற்றும்போது, இந்த ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டுக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. ப்ராசஸரின் பின்கள் ப்ராசஸரிலேயே இருக்கின்றன. நெம்புகோல் பூட்டியிருந்தாலும் மேலிருந்து அதை அமுக்கிப் பிடிக்கச் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் பசையாகப் பிடித்திருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். ஆகவே கணினியைப் பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, மின்வயரைக் கழற்றி, பெட்டியைப் படுக்க வைத்து, நான்கு ஸ்குரூவையும் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்பக்கத் தகட்டை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், ஸ்டெல்த்தில் அதைப் பிடித்திருப்பதே அந்த ஸ்குரூக்கள்தான். ஃபேன் வயரை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். அசைவு வந்த பிறகு தூக்குங்கள். இன்டெல் சாக்கெட்டுகளிலும், ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-இலும் ப்ராசஸரை உலோகச் சட்டம் அமுக்கிப் பிடித்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதமும் வேலை செய்யும், காய நேரம் பிடிக்கும். நூல் உதிராத துணி அல்லது காபி வடிதாள் போதும். துடைத்த பரப்பை விரலால் தொடாதீர்கள்.

அளவு விஷயத்தில் 'பட்டாணி அளவு' என்று எங்கும் எழுதியிருக்கும். நம் கடைகளில் விற்கும் காய்ந்த பட்டாணி 7 மி.மீ. விட்டம் இருக்கும், அந்த உருண்டையின் கன அளவு 180 கன மி.மீ. மேலே கணக்கிட்ட 3 × 3 செ.மீ. பரப்பை 0.05 மி.மீ. கனத்தில் மூட வேண்டியதோ 45 கன மி.மீ. மட்டும், அதாவது 4.4 மி.மீ. உருண்டை. நல்ல பெரிய கொத்தமல்லி விதை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏஎம்4 மூடி இதைவிடப் பெரியது, சில்லும் நடுவில் இல்லை. எனவே நடுவில் ஒரு கொத்தமல்லி விதை, நான்கு மூலைப் பக்கமும் கடுகளவு ஒவ்வொரு புள்ளி வைத்தால் மூலைவரை பரவிவிடும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட் சிறிது கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், கெடுதல் இல்லை. குறைந்தால்தான் ஒரு மூலை காய்ந்து நிற்கும். அட்டை வைத்துத் தேய்ப்பது தேவையில்லை; அவசரமாகத் தேய்த்தால் காற்றுக் குமிழ் சிக்கும்.

கூலரை நேராக மேலிருந்து இறக்குங்கள். வைத்த பிறகு தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால் காற்று புகுந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஸ்குரூவை ஒவ்வொன்றும் இரண்டு திருகு, குறுக்கு மூலையாக. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அடிப்பரப்பு சாய்ந்து, பேஸ்ட் ஒரு புறம் தடிமனாக நின்றுவிடும். ஸ்பிரிங் ஸ்குரூ தானே ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். இன்டெல்லின் பழைய பெட்டிக் கூலர்களில் இருக்கும் பிளாஸ்டிக் பின்களில் தவறு இன்னும் அதிகம். தலையில் இருக்கும் அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவது. மாட்டும்போது அதன் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, குறுக்கு மூலை இரண்டையும் ஒரே நேரத்தில் 'டிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். பிறகு மதர்போர்டின் பின்பக்கம் பாருங்கள்: நான்கு பின்களும் வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். ஒன்று விரியாவிட்டால்கூட அந்த மூலை தூக்கிக்கொள்ளும். புதிய கூலரென்றால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று இரண்டு முறை பாருங்கள்.

லேப்டாப்பில் மூடி கிடையாது, சில்லு நேரடியாக ஹீட்சிங்க்கைத் தொடும். பரப்பு 150 சதுர மி.மீ. என்றால், அதே 5 பேஸ்ட், அதே கனம், 45 வாட்டுக்கு 3 டிகிரி ஏறும். இங்கே பேஸ்ட்டின் தரம் நிஜமாகவே தெரியும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது சில்லு விரிந்து சுருங்கி, இளகிய பேஸ்ட்டை ஓரத்துக்குத் தள்ளிவிடும். சில மாதங்களில் வெப்பநிலை பழையபடி ஏறும். அதனால் லேப்டாப்புக்கு என் தேர்வு பேஸ்ட் அல்ல, ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற நிலைமாறும் தாள். 45 டிகிரி அளவில் இளகிப் பரவும், ஆறினால் இறுகும், ஓரத்துக்கு ஓடாது. சில்லு அளவுக்கு வெட்டி, ஃபிரிட்ஜில் சிறிது நேரம் வைத்தால் பாதுகாப்புத் தாள் சுலபமாக உரியும். முதல் சில சூடாக்கலுக்குப் பிறகுதான் முழுதாகப் படியும்.

பேட் எனப்படும் ரப்பர் போன்ற தாள் ப்ராசஸருக்கு உதவாது. கடத்துத்திறன் 6 உள்ள 1 மி.மீ. பேட்டை 3 × 3 செ.மீ. மூடிமேல் வைத்தால் 76 வாட்டுக்கு 14 டிகிரி கூடும். கிராபிக்ஸ் கார்டின் மெமரி சில்லு இரண்டு மூன்று வாட் மட்டும் உமிழ்வதால் அங்கே அதே பேட் மூன்று டிகிரிக்குள் முடித்துவிடும். பேட்டில் எண்ணைவிடக் கனம்தான் முக்கியம். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் மொத்தமும் தூக்கிக்கொண்டு, முக்கியச் சில்லின் மேல் இடைவெளி விழும். 'பேட் மாற்றினேன், முன்பைவிடச் சூடாகிறது' என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பழைய பேட்டின் அமுங்காத ஓரத்தை வெர்னியர் காலிபரில் அளந்து வாங்குங்கள்.

ஸ்குரூவுக்கு இடமில்லாத சிறு ஹீட்சிங்க்குகளுக்கு, உதாரணமாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில், இருபக்க வெப்ப டேப் போதும். 3எம் 8810 டேப்பின் கடத்துத்திறன் 0.6 மட்டும், கனம் 0.25 மி.மீ.; சில வாட்டுகளுக்கு அது தாராளம். ஒட்டும் முன் சில்லை ஆல்கஹாலில் துடைத்து, சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். இரண்டு பகுதி எபாக்ஸி பசை இன்னும் உறுதி, ஆனால் நிரந்தரம்: பின்னால் பிடுங்கினால் சில்லும் சேர்ந்து வரும். சாதாரண பேஸ்ட்டுக்கு ஒட்டும் பலம் கிடையாது, அதை நம்பி ஹீட்சிங்க்கை ஒட்டாதீர்கள். நழுவி விழுந்து ஷார்ட் ஆகும்.

மாட்டி முடித்ததும் ப்ராசஸருக்குச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். எண்ணைவிட அது ஏறும் விதம் அதிகம் சொல்லும். சுமை வந்த இரண்டு விநாடியில் 90-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் தொடர்பில் கோளாறு: பேஸ்ட் குறைவு, சாய்ந்த கூலர், உரிக்காத தாள். ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல ஏறிச் சென்றால் பேஸ்ட் சரி, கூலரோ பெட்டிக்குள் காற்றோட்டமோ போதவில்லை. 5600-க்கு ஏஎம்டி தந்திருக்கும் உச்சம் 90 டிகிரி. 20 டிகிரி அறையில் 70 காட்டிய அதே கூலர், மே மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் 36 டிகிரி அறையில் 86 காட்டும். அப்படி வந்தால் பேஸ்ட்டை மறுபடி மாற்றாதீர்கள். இன்னும் பெரிய ஹீட்சிங்க்கையோ, பெட்டியின் பின்புறம் இன்னொரு ஃபேனையோ பாருங்கள்.