ரெக்கார்டர் மட்டும் ஒரு நொடி பின்தங்குகிறது: ஐரிக்-பி

ரெக்கார்டரின் அமைப்பில் ஒரு நொடி கூட்டுங்கள், சரியாகிவிடும். பூம்பாறை வீட்டு மொட்டை மாடியில் ஜிபிஎஸ் கடிகாரம் சரியாக இருக்கிறது, ஐரிக்-பி (கம்பி வழியே நேரத்தை அனுப்பும் குறியீட்டு முறை) கேபிளில் இணைத்த ரெக்கார்டர் மட்டும் எப்போதும் ஒரு நொடி தாமதம் என்கிறீர்கள். முழுசாக ஒரு நொடி என்பதுதான் துப்பு.

ஐரிக்-பியில் நொடிக்கு ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தகவல் தொகுப்பு, அதில் 100 துடிப்புகள். 2 மில்லி நொடி நீளம் என்றால் பூஜ்யம், 5 என்றால் ஒன்று, 8 என்றால் எல்லைக் குறி. அடுத்தடுத்து இரண்டு எல்லைக் குறிகள் வரும் இடத்தில், இரண்டாவது குறி எழும் கணம்தான் நொடியின் தொடக்கம். ஃபிரேமில் உள்ள நேரம் அந்தக் கணத்துக்கு உரியது. படித்து முடிப்பதற்குள் அடுத்த நொடி வந்துவிடும். ஒன்றைக் கூட்டாமல் காட்டும் கருவி நேற்றைய பேப்பரை இன்று வாசிக்கிற மாதிரிதான்.

சோதிக்க: கடிகாரத்தின் 1 பிபிஎஸ் (நொடிக்கு ஒரு துடிப்பு தரும் வெளியீடு), ஐரிக்-பி இரண்டையும் ஆசிலோஸ்கோப்பில் (மின் சிக்னலை வரைபடமாகக் காட்டும் கருவி) போடுங்கள். 1 பிபிஎஸ் எழும் இடமும் அந்த இரண்டாவது குறி எழும் இடமும் ஒன்றாக இருந்தால் கடிகாரத்தில் குறையில்லை. ஸ்கோப் இல்லையா? என்டிபியில் (இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திசைத்த லேப்டாப் திரையைக் கேமராவில் பதிவு செய்து, அதில் தெரியும் நேரத்தை ரெக்கார்டர் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நொடிக்கு அது போதும்; மில்லி நொடிக்கு நம்பாதீர்கள்.

மூடுபனியைச் சந்தேகிக்க வேண்டாம், ஜிபிஎஸ் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேபிளும் அப்படித்தான், 20 மீட்டருக்கு ஏறத்தாழ 100 நானோ நொடி.

ஒரு எச்சரிக்கை: வித்தியாசம் 18 நொடி என்றால் கதையே வேறு. 2017 முதல் ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரம்) அவ்வளவு முந்தியிருக்கிறது. அப்போது கடிகாரத்தின் லீப் நொடி (யுடிசியில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட கூடுதல் நொடி) அமைப்பைப் பாருங்கள்.