எஃப்5 அழுத்தினால் பிழைச்செய்தி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

இமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் நான்கு புக்மார்க்குகளுக்கு (ஃபைலில் குறித்துவைத்த இடங்களுக்கு) எஃப்5 முதல் எஃப்8 வரை ஒதுக்க, அது தொடங்கும்போது படிக்கும் இனிட் ஃபைலில் ஒரு டோலிஸ்ட் (பட்டியலில் ஒவ்வொன்றாக ஓடும் லூப்) எழுதி, உள்ளே லாம்ப்டாவை (பெயரில்லாத ஃபங்ஷனை), விசைக்குக் கட்டளை ஒதுக்கும் குளோபல்-செட்-கீயில் கட்டினேன். எதை அழுத்தினாலும் ‘சிம்பல்ஸ் வேல்யூ ஆஸ் வேரியபிள் இஸ் வாய்ட்’ என்கிறது. புக்மார்க் பட்டியலைத் திறக்கக் கண்ட்ரோல்-சி, அடுத்து அரைப்புள்ளி வைத்தேன். ஆர்க் ஃபைலில் (இமாக்ஸின் குறிப்பெடுக்கும் மோடான ஆர்க்கில் எழுதும் ஃபைலில்) மட்டும் பட்டியல் வராமல் தலைப்பில் ‘காமென்ட்’ என்ற சொல் ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மின்சாரம் போய்க் கணினி அணைந்ததில் அன்று வைத்த புக்மார்க்குகளைக் காணோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழிக்க வேண்டாம். மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். முதல் இரண்டுக்கும் புக்மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

லூப் ஓடும்போது உங்கள் லாம்ப்டாவுக்குள் போனது மாறியின் பெயர் மட்டும்தான், மதிப்பு போகவில்லை. லூப் முடிந்ததும் அந்த மாறி மறைந்துவிடுகிறது. நீங்கள் எஃப்5 அழுத்தும்போதுதான் இமாக்ஸ் அதைத் தேடுகிறது, கிடைக்காததால் ‘வாய்ட்’. இனிட் ஃபைலின் முதல் வரியில் லெக்சிகல்-பைண்டிங்: டி என்ற குறிப்பு (மாறியை லாம்ப்டா தன்னோடு வைத்துக்கொள்ளச் செய்வது; டி என்றால் ‘ஆம்’), இருபுறமும் ஹைஃபன்-நட்சத்திரம்-ஹைஃபனோடு, அரைப்புள்ளிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டாம் வரியில் போட்டால் கண்டுகொள்ளாது. பலர் சறுக்குவது அங்கேதான். சேர்த்தபின் இமாக்ஸை மூடித் திறங்கள். லாம்ப்டாவுக்கு முன் பேக்கோட்டும் (பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள் குறியும்) மாறிக்கு முன் காற்புள்ளியும் போட்டு மதிப்பை உள்ளே திணிக்கலாம்தான். வேலை செய்யும், ஆனால் கம்பைலர் அதற்குள் பார்க்காது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இது சரியானபின் ‘ராங் டைப் ஆர்க்யுமென்ட், கமாண்ட்பி’ என்று வந்தால் லாம்ப்டாவில் இன்டராக்டிவ் (இதை விசையால் அழைக்கலாம் என்று சொல்லும் வரி) விட்டுப்போயிருக்கிறது. விசையின் பெயரை எழுதும் கேபிடி-க்குள் எஃப்5-ஐக் கோண அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ‘எஃப்’, ‘5’ என்று இரண்டு விசைகளாகப் படித்துவிடும்.

ஆர்க் விவகாரம் வேறு. ஒரு விசையை அழுத்தினால் இமாக்ஸ் முதலில் மைனர் மோடுகளிலும் (கூடுதல் வசதிகள்), பிறகு மேஜர் மோடிலும் (ஃபைலின் வகைக்கேற்ற மோடு, இங்கே ஆர்க்), கடைசியாகத்தான் எங்கும் செல்லும் குளோபல் விசைப் பட்டியலிலும் தேடும். கண்ட்ரோல்-சி அரைப்புள்ளி மேஜர் மோடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆர்க் அதில் ‘ஆர்க்-டாகிள்-காமென்ட்’டை வைத்திருக்கிறது. ஆர்க்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கண்ட்ரோல்-சி-யும் ஓர் எழுத்தும், எஃப்5 முதல் எஃப்9 வரையும் பயனருக்கென்றே விடப்பட்டவை. புக்மார்க் பட்டியலுக்குக் கண்ட்ரோல்-சி பி வையுங்கள். சந்தேகம் வந்தால் அந்த ஃபைலில் இருந்தபடியே கண்ட்ரோல்-எச் கே அழுத்தி, அடுத்து உங்கள் விசையை அழுத்துங்கள். அங்கே எந்தக் கட்டளை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும். ஒன்றுமே வரவில்லையென்றால் விசை இமாக்ஸுக்கே வந்து சேரவில்லை: டெஸ்க்டாப்போ டெர்மினலோ நடுவில் விழுங்குகிறது.

புக்மார்க்குகள் போனதற்குக் காரணம் ‘புக்மார்க்-சேவ்-ஃப்ளாக்’ என்ற அமைப்பு. இயல்பாக அது டி. அதாவது ஒழுங்காக வெளியேறும்போது மட்டும் டிஸ்கில் எழுதும். மின்சாரம் போனால் அந்த வாய்ப்பே இல்லை. மதிப்பை 1 ஆக்குங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே எழுதும். போனவை திரும்பாது, அவற்றைக் கண்ட்ரோல்-எக்ஸ் ஆர் எம் கொண்டு மறுபடி வைக்கத்தான் வேண்டும்.

வைக்கும்போது, அடிக்கடி திருத்தும் வரியை விட்டுவிட்டுத் தலைப்பு வரியில் வையுங்கள். புக்மார்க் இடத்தின் எண்ணோடு முன்னும் பின்னும் 16 எழுத்துகளையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மேலே பத்துப் பத்தி கூடினாலும் அதைக்கொண்டு கண்டுபிடித்துவிடும். அந்த வரியையே மாற்றி எழுதினால் பழைய எண்ணில் போய் நிற்கும்.