சிக்கலான நோய்களைத் தேர்ந்த மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எல்லாம் உள்ளுணர்வுதானா?

உள்ளுணர்வு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். என் தங்கை இன்று நடமாடுவது ஒரு மருத்துவர் கேட்ட இரண்டு கேள்விகளால். உங்கள் வீட்டிலும் யாரோ "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்ற பதிலோடு அலைகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தங்கைக்கு மாதக்கணக்கில் சோர்வு, குமட்டல், உடல் மெலிவு. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. ஒருவர் "மன அழுத்தம்" என்று சீட்டில் எழுதினார். பிறகு பார்த்தவர்கள் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு மாத்திரையை மட்டும் மாற்றினார்கள்.

கடைசியாகப் பார்த்த பொது மருத்துவர் ஃபைலை மூடி வைத்தார். "முதன்முதலில் எப்போது உடம்பு சரியில்லை என்று தோன்றியது? அங்கிருந்து சொல்லம்மா" என்றார். முழுவதையும் கேட்டுவிட்டு, "உப்பு நிறையச் சாப்பிடத் தோன்றுகிறதா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா?" என்றார். இரண்டுமே உண்டு. உள்ளங்கை ரேகைகளைப் பார்த்தார். டார்ச் அடித்து ஈறுகளைப் பார்த்தார். அங்கெல்லாம் கருமை படர்ந்திருந்தது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் எடுத்தார், நின்றதும் சரிந்தது. அடிசன் நோய். சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி செயலிழந்து போவது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்தது.

சோர்வும் குமட்டலும் எத்தனையோ நோய்களில் வரும். அவற்றை வைத்துக்கொண்டு அவர் தேடவில்லை. மனதில் நாலைந்து நோய்களை நிறுத்தி, ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் கேள்வியைக் கேட்டார். அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் குறைந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அது தோலைக் கறுக்கவைக்கும். உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் அட்ரீனலின் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் குறைந்தால் உப்பு சிறுநீரில் வெளியேறிவிடும். இந்தக் காரணங்கள் கைவசம் இருப்பவருக்குத்தான் உப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றும். அப்போதும் அவர் தன் ஊகத்தை நம்பிவிடவில்லை. சோடியம், பொட்டாசியம், காலை நேரக் கார்ட்டிசோல், ஏசிடிஎச் தூண்டல் சோதனை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "இது இல்லையென்றால் அடுத்து எதைத் தேடுவது என்றும் யோசித்துவிட்டேன்" என்றார்.

பரிசோதனையே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நோயை உறுதி செய்தது ரத்தப் பரிசோதனைதான். ஆனால் எதைப் பரிசோதிப்பது என்று காட்டியது பேச்சு. 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹாம்ப்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 80 புதிய வெளிநோயாளிகளில் 66 பேருக்குப் பரிந்துரைக் கடிதமும் நோயாளி சொன்ன விவரமுமே சரியான முடிவுக்குப் போதுமாக இருந்தன. முன்பு பார்த்தவர்களையும் நான் முட்டாள்கள் என்று சொல்லவில்லை, அரிய நோய்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே மருந்து நிறுவனப் பிரதிநிதிகளை உள்ளே விடுகிறார்களே, அது என்ன நியாயம்? தங்கை பாதியில் நிறுத்திய பேச்சை யாரும் திரும்பக் கேட்டதே இல்லை.

அடுத்த முறை போகும்போது பழைய முடிவுகளைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் தொந்தரவிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள், அற்பமாகத் தோன்றுவதையும் சேர்த்து. "இது வேறு என்னவாக இருக்கலாம், டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.