கம்பு யார் கையில் இருந்தது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பயிற்சித் தாளில் ‘த வாட்ச்மேன் ஸ்டாப்டு த பாய் வித் த ஸ்டிக்’ என்றொரு வாக்கியம் இருந்தது. காவலாளி கம்பால் பையனை மறித்தார் என்று அவள் எழுதினாள்; கம்பு வைத்திருந்த பையனை மறித்தார் என்று திருத்தியிருக்கிறார்கள். எது சரி?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அந்த வாக்கியத்தை மட்டும் தனியே பார்த்தால் இரண்டும் சரிதான், உங்கள் மகள் எழுதியது பிழையன்று. தமிழில் ‘கம்பால்’ என்று மூன்றாம் வேற்றுமை உருபு வந்துவிட்டால் கம்பு காவலாளியின் செயலைச் சேரும். ‘கம்பு வைத்திருந்த’ என்று பெயரெச்சம் வந்தால் பையனைச் சேரும். ஆங்கிலத்திலோ ‘வித்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைத்தான் கேட்க வேண்டும்.

‘மாந்தோப்புக்குள் மூன்று பையன்கள் நுழைந்தார்கள், ஒருவனிடம் மட்டும் கம்பு இருந்தது’ என்று முன்வாக்கியம் இருந்தால், வெறுமனே ‘த பாய்’ என்பது மூவரில் எவனைக் குறிக்கிறது என்று தெரியாது, ஆகவே ‘வித் த ஸ்டிக்’ என்பது அவனை அடையாளம் காட்டவே வந்திருக்கிறது. நுழைந்தவன் ஒருவனே, காவலாளிதான் கம்போடு வாசலில் நின்றார் என்றால், அடையாளத்துக்கு அங்கே வேலையில்லை; கம்பு மறித்த கருவியாகிவிடும். ‘த’ என்ற அந்தச் சிறு சொல், கேட்பவர் முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டுகிறது என்பதை நாம் பிள்ளைகளுக்கு அழுத்தமாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போதும் வழி இதுவே. ‘ஹி சாட் பை த பேங்க்’ என்றால் வங்கியருகிலா, ஆற்றங்கரையிலா? அடுத்த வாக்கியத்தில் அவன் ஈரத்துண்டைப் பிழிந்தால், குறுக்குத்துறையில் தாமிரபரணியில் குளித்துக் கரையேறியவர் எவருக்கும் ஐயம் இராது. பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்வது இதைத்தான்; ‘மா பூத்தது’ என்றதும் குதிரையை விட்டுவிட்டு மரத்தை நினைக்கிறோம் அல்லவா?

சில இடங்களில் இலக்கணம் சிறிதும் உதவாது. ‘நகர மன்றத்தினர் போராட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தனர், ஏனெனில் அவர்கள் வன்முறைக்கு அஞ்சினர்’ என்ற பொருளில் கணினி அறிஞர் டெர்ரி வினோகிராட் 1972-இல் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் காட்டினார். ‘அஞ்சினர்’ என்பதை ‘ஆதரித்தனர்’ என்று மாற்றினால் ‘அவர்கள்’ யார் என்பதே மாறிவிடுகிறது. அதை நமக்குச் சொல்வது உலக அறிவு.

தாளில் முன்வாக்கியம் ஏதும் இல்லையென்றால், இரண்டு பொருளையும் எழுதிக்காட்டி ஆசிரியரிடம் மதிப்பெண் கேட்கச் சொல்லுங்கள், அது நியாயமே.